வெப்ப, குளிரூட்டல் ஒப்பந்தக்காரர் காப்பீடு (திருப்பூர்)

வெப்ப, குளிரூட்டல் ஒப்பந்தக்காரர் காப்பீடு என்பது கொதிகலன், வெப்ப எண்ணெய்ச் சூடாக்கி, நீராவிக் குழாய், குளிர்சாதனம், ஈரப்பதக் கட்டுப்பாடு ஆகிய அமைப்புகளை ஆலைகளில் நிறுவியும் பராமரித்தும் தரும் ஒப்பந்தக்காரர்கள், தம் தொழில் இடர்களுக்காக எடுக்கும் காப்பீடுகளின் தொகுப்பு ஆகும். காப்பீடு என்பது இலங்கை வழக்கில் காப்புறுதி எனப்படும். இது தனியொரு பாலிசி அன்று. தொழிலாளர் ஈட்டுத்தொகை, நிறுவுகைப் பணி, கருவிகள், மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்பு என ஒவ்வோர் இடருக்கும் தனித்தனிப் பாலிசி உண்டு. தமிழ்நாட்டின் திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் இத்தகைய பணிகளைப் பெரும்பாலும் சிறு ஒப்பந்தக்காரர்களே செய்கின்றனர். ஆலை உரிமையாளர் எடுத்துள்ள தீக்காப்பீடு தங்களையும் காக்கும் என்ற எண்ணம் சரியானதன்று.

பின்னணி

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் முதன்மையான நகரம். தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம் 1956 ஆம் ஆண்டிலும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. திருப்பூர் 2009 ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆனது. இங்கு உற்பத்தி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நூற்பு, பின்னல், சாயம், காம்பாக்டிங், தையல், இஸ்திரி ஆகியவை பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களில் ஜாப் ஒர்க் முறையில் நடைபெறுகின்றன. அவற்றின் வெப்ப, குளிரூட்டல் தேவைகளும் வேறுபடுகின்றன.

* சாயப்பட்டறைகளுக்கும் சலவைப்பட்டறைகளுக்கும் நீராவி தேவை. பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்றும் அழுத்தக் கலன்கள் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் இயங்குகின்றன.
* துணியை உலர்த்தி அகலம் நிலைநிறுத்தும் ஸ்டென்டர் எந்திரங்களுக்கு வெப்ப எண்ணெய்ச் சூடாக்கி அல்லது எரிவளி அடுப்பு தேவை.
* பல்லடம், அவினாசி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களின் நூற்பாலைகளில் நூல் அறாமலிருக்கக் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஏர்வாஷர் நிலையங்கள் தேவை.
* தையற்கூடங்களில் ஈரத்திண்டு வழியாகக் காற்றைக் குளிர்விக்கும் அமைப்புகளும், அலுவலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் குளிர்சாதனங்களும் தேவை.

2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரை வெளியேற்றாத முறையை ஏற்ற நிலையங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. இம்முறையில் எஞ்சும் உப்புநீரை ஆவியாக்க நீராவி தேவைப்படுவதால், கொதிகலன் நிறுவுவோருக்கும் குழாய் பற்றவைப்போருக்கும் புதிய பணிக்களம் உருவாயிற்று.

வரலாறு

கொதிகலன் காப்பீடு துணித் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பருத்தி ஆலைகளில் அடிக்கடி கொதிகலன்கள் வெடித்ததை அடுத்து, 1850களில் அங்கு நீராவிப் பயனர் சங்கமும், தொடர்ந்து கொதிகலன் காப்பீட்டு நிறுவனமும் தோன்றின. அமெரிக்காவில் ஆர்ட்ஃபோர்டு நீராவிக் கொதிகலன் ஆய்வு, காப்பீட்டு நிறுவனம் 1866 இல் தொடங்கப்பட்டது. வெடித்தபின் பணம் தருவதைவிட, வெடிக்காமலிருக்க முன்கூட்டி ஆய்வு செய்வதே இந்நிறுவனங்களின் முதன்மைப் பணியாக இருந்தது.

இந்தியாவில் 1863 இல் கல்கத்தாவில் நடந்த கொதிகலன் வெடிப்பை அடுத்து, 1864 இல் வங்காளத்தில் முதல் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன்கள் சட்டம் 1923 இல் வந்தது. அதன் இடத்தில் இப்போது 2025 ஆம் ஆண்டின் கொதிகலன்கள் சட்டம் உள்ளது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு கொண்ட கலன்கள் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. நீராவியை உண்டாக்காத வெப்ப எண்ணெய்ச் சூடாக்கியும் கொதிகலன் என்ற வரையறைக்குள் அடங்குவதில்லை. ஆகவே சட்டப்படியான கொதிகலன் ஆய்வுக்கு உட்படாத வெப்பக் கருவிகளும் ஆலைகளில் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

பொதுக் காப்பீட்டுத் துறை 1973 சனவரி 1 முதல் நாட்டுடைமையானது. அதன் 4 நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1999 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தபின் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன. தீ, பொறியியல் காப்பீடுகளுக்கு இருந்த பொதுக் கட்டண விகிதம் 2007 சனவரி முதல் நீக்கப்பட்டது. எனவே ஒரே பணிக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பிரீமியம் கேட்கக்கூடும்.

இடர்களின் தன்மை

ஒப்பந்தக்காரர் பிறருடைய கட்டடத்தில், பிறருடைய எந்திரங்களுக்கு நடுவே, பெரும்பாலும் உற்பத்தி நிற்காத நேரத்தில் பணி செய்கிறார். முதன்மையான இடர்கள் பின்வருமாறு:

* பற்றவைப்பு, வெட்டுதல் ஆகியவற்றின்போது பறக்கும் பொறி பஞ்சுத் தூசியிலோ கழிவுத் துணியிலோ விழுந்து தீப்பற்றுதல்.
* நீராவி, கொதிநீர், சூடான எண்ணெய் ஆகியவற்றால் தொழிலாளி சுடப்படுதல், கூரையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுதல், மின்னதிர்ச்சி.
* சோதனை ஓட்டத்தில் கலனோ குழாயோ வெடித்தல். குளிர்சாதனக் குழாய்களை நைட்ரசன் கொண்டு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அதற்கு ஆக்சிசனைப் பயன்படுத்தினால் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.
* எரியும் தன்மையுள்ள குளிர்பொருள் கசிதல். ஆர்-22 பயன்பாடு படிப்படியாகக் குறைக்கப்பட்டு வரும் நிலையில், பரவலாகியுள்ள ஆர்-32 இலேசாக எரியக்கூடியது. புரோப்பேன் ஆகிய ஆர்-290 எளிதில் எரியக்கூடியது.
* பணி முடிந்தபின் குறைபாடு வெளிப்பட்டுத் துணி, நூல், எந்திரம் ஆகியவை சேதமடைதல்.

ஆலையின் தீக்காப்பீடும் ஒப்பந்தக்காரரும்

ஆலை உரிமையாளரின் தீக்காப்பீடு உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்கிறது. அந்த இழப்புக்கு ஒப்பந்தக்காரரின் கவனக்குறைவு காரணம் எனில், பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரின் இடத்தில் நின்று அத்தொகையை ஒப்பந்தக்காரரிடம் வசூலிக்க முயலலாம். இவ்வுரிமை சட்டத்தில் சப்ரோகேஷன் எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 60,000 ரூபாய்க்கு நீராவிக் குழாய் மாற்றும் பணியை ஒருவர் ஏற்கிறார் என்று கொள்வோம். பற்றவைப்புப் பொறியால் 40 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள துணி எரிகிறது. ஆலைக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு அதனுடன் தீர்வதில்லை. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால், பணியின் கூலியைப்போல் பல மடங்கு தொகைக்கு அவர் பொறுப்பாகலாம்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2010 ஆம் ஆண்டில், எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் இக்கோட்பாட்டை விரிவாக விளக்கியது. அது போக்குவரத்தில் சேதமடைந்த பருத்தி நூல் பற்றிய வழக்கு. ஆலைக்கு ஈடு வழங்கிய காப்பீட்டு நிறுவனம், நூலை ஏற்றிச் சென்ற நிறுவனத்திடம் தொகை கோரியது. பொருளுக்குச் சேதம் விளைவித்தவர் ஏற்றிச் செல்பவராயினும் பணி ஒப்பந்தக்காரராயினும் கோட்பாடு ஒன்றே.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஒப்பந்தக்காரர் தமக்கெனப் பொறுப்புக் காப்பீடு எடுத்தல். மற்றொன்று, ஒப்பந்தக்காரரையும் காப்பீடு பெறுபவராக ஆலையின் பாலிசியில் சேர்த்தல், அல்லது அவர்மீது இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை என்ற பிரிவைக் காப்பீட்டு நிறுவனத்தின் இசைவுடன் பணி தொடங்குமுன் சேர்த்தல்.

வழக்கமான தீக்காப்பீட்டில் மேலும் இரு விலக்குகள் கவனிக்கத்தக்கவை. உலர்த்தும் அல்லது சூடாக்கும் செயல்முறையில் இருக்கும் பொருள் அச்செயல்முறையாலேயே சேதமடைந்தால் ஈடு இல்லை. ஸ்டென்டரில் கருகிய துணி இவ்வகையைச் சேரும். அதேபோல், நீராவி உண்டாக்கும் கலன் தானே வெடித்தால் அக்கலனுக்கு ஏற்படும் சேதம் அடங்காது. அதற்குக் கொதிகலன், அழுத்தக் கலன் காப்பீடு தனியே தேவை.

காப்பீட்டு வகைகள்

நிறுவுகைக் காப்பீடு

எரெக்‌ஷன் ஆல் ரிஸ்க்ஸ் என்ற பெயரில் வழங்கப்படும் இது, எந்திரம் பணியிடத்தில் இறங்கியது முதல் சோதனை ஓட்டம் முடியும் வரையிலான சேதத்தை ஏற்கிறது. மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்பு இதன் இரண்டாம் பிரிவில் அடங்கும். உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் கூட்டாக இதை எடுக்கலாம். பயன்படுத்திய எந்திரங்களுக்குச் சோதனை ஓட்டம் தொடங்கியவுடன் காப்பு முடிவடைவது வழக்கமான விதி. பழைய கொதிகலனையோ ஸ்டென்டரையோ வாங்கி நிறுவும்போது, இடர் மிகுந்த சோதனைக் கட்டத்தில் காப்பீடு இராது என்பது இதன் பொருள். பணியிடத்தைச் சூழ்ந்துள்ள உரிமையாளரின் சொத்து, பராமரிப்புக் காலம் ஆகியவற்றைக் கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்க்க வேண்டும்.

பொறுப்புக் காப்பீடு

ஒப்பந்தக்காரரின் செயலால் பிறருக்கு ஏற்படும் உடற்காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான சட்டப்படியான பொறுப்பை இது ஏற்கிறது. ஒப்பந்தக்காரரின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், அதாவது அவர் பழுதுபார்த்துக் கொண்டிருக்கும் எந்திரம், பொதுவாக இதில் விலக்கப்படும். பணி முடித்து ஒப்படைத்தபின் எழும் பொறுப்புக்கும் தனிப்பிரிவு தேவை. போபால் பேரழிவுக்குப் பின் இயற்றப்பட்ட 1991 ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இதனின்று வேறுபட்டது. அது வரையறுத்த அளவுக்கு மேல் தீங்கான பொருள்களைக் கையாள்வோருக்கு உரியது.

கருவிகள், கிடங்கு

பற்றவைப்புக் கருவி, பாரந்தூக்கி முதலியவற்றுக்கு ஒப்பந்தக்காரர் எந்திரக் காப்பீடு உண்டு. பட்டறைக்கும் கையிருப்புக்கும் 2021 ஏப்ரல் முதல் பாரத் சூட்சும உத்யம் சுரட்சா என்ற பொதுவடிவப் பாலிசி வழங்கப்படுகிறது. இது 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு உரியது.

எந்திரப் பழுதுக் காப்பீடு

இயங்கும் எந்திரத்தில் திடீரென ஏற்படும் இயந்திர, மின் பழுதுகளை இது ஏற்கிறது. இதை எடுப்பவர் வழக்கமாக ஆலை உரிமையாளரே. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காப்பீடு அன்று. அது சேவை ஒப்பந்தம் மட்டுமே.

தொழிலாளர் ஈட்டுத்தொகை

வேலையின்போது தொழிலாளி இறந்தாலோ உறுப்பிழந்தாலோ முதலாளி ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பதை 1923 ஆம் ஆண்டின் சட்டம் முதலில் வகுத்தது. 2000 ஆம் ஆண்டின் திருத்தத்தால் அன்றாடக் கூலியாக வருவோரும் இதில் அடங்கினர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இச்சட்டமும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் இணைக்கப்பட்டுள்ளன.

பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் ஈ.எஸ்.ஐ. எனப்படும் அரசுக் காப்பீட்டில் சேர வேண்டும். அதன்கீழ் வரும் தொழிலாளிக்கு விபத்துப் பயன்களை அக்கழகமே வழங்குகிறது. மூன்று நான்கு உதவியாளர்களை மட்டும் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் இவ்வெல்லைக்கு வெளியே இருக்கிறார். ஆகவே ஈட்டுத்தொகை முழுதும் அவர் பொறுப்பாகிறது.

உயிரிழப்புக்கான தொகை, மாத ஊதியத்தில் 50 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படும். 1923 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 2020 இல் அறிவிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதினருக்குரிய காரணி 207.98. எனவே 30 வயதில் இறந்த, அவ்வரம்பு ஊதியம் பெற்ற தொழிலாளியின் குடும்பத்திற்கு:

7,500 × 207.98 = 15,59,850 ரூபாய்.

நிரந்தர முழு ஊனத்திற்கு 50 விழுக்காட்டுக்குப் பதில் 60 விழுக்காடு கொள்ளப்படும். தொகையை ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டமும் விதிக்கப்படலாம். தண்டத்தைக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக ஏற்பதில்லை.

உயிரிழப்பு ஈட்டுத்தொகையைச் சட்டப்படியான அலுவலரிடம் செலுத்த வேண்டும். குடும்பத்தாருடன் பேசி ஒரு தொகையைக் கையில் கொடுத்து, தாளில் கையெழுத்துப் பெறுவதால் பொறுப்பு தீர்வதில்லை. திருப்பூரில் பீகார், ஒடிசா, சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருமளவில் பணிபுரிவதால், தொலைவில் உள்ள குடும்பத்திற்கு உரிய தொகை சென்று சேர இவ்விதி முக்கியமானது.

ஆலையின் வழக்கமான தொழிலின் பகுதியாக உள்ள பணியை ஒப்பந்தத்தில் விட்டிருந்தால், காயமுற்ற தொழிலாளி ஆலை உரிமையாளரிடமே நேரடியாக ஈட்டுத்தொகை கோரலாம். உரிமையாளர் அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் திரும்பப் பெறலாம். எனவேதான் பணி ஆணை தருமுன் சில ஆலைகள் ஒப்பந்தக்காரரின் தொழிலாளர் காப்பீட்டுச் சான்றைக் கேட்கின்றன.

இக்காப்பீட்டின் பிரீமியம், அறிவிக்கப்பட்ட மொத்த ஊதியத்தையும் வேலையின் இடர் வகையையும் பொறுத்தது. ஆள் எண்ணிக்கையையோ ஊதியத்தையோ குறைத்துக் காட்டினால் கோரிக்கையின்போது சிக்கல் எழும். உள் ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் மருத்துவச் செலவையும் தனிப்பிரிவாகச் சேர்க்க வேண்டும். பிரதமரின் சுரட்சா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்திற்கு 2 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. இது தொழிலாளிக்குக் கூடுதல் பயனே தவிர, முதலாளியின் சட்டப்பொறுப்புக்கு மாற்றாகாது.

குறைமதிப்புக் காப்பீடு

பிரீமியத்தைக் குறைக்கச் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது பொதுவான தவறு. 10 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவிகள் 6 இலட்சத்திற்கே காப்பீடு செய்யப்பட்டு, 4 இலட்சம் இழப்பு நேர்ந்தால், அதே விகிதத்தில் 2,40,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். அதிலிருந்தும் பாலிசியில் குறிப்பிட்ட தொடக்கத் தொகை கழிக்கப்படும். பாரத் சூட்சும பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைமதிப்புக்கு விலக்களிக்கப்படுகிறது.

கோரிக்கை நடைமுறை

1938 ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் பெறப்படும் முன் காப்பீட்டு நிறுவனம் இடரை ஏற்க முடியாது. முகவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பணி தொடங்குவது காப்பு ஆகாது. விபத்து நேர்ந்தால் பொதுவாகப் பின்வருவன செய்யப்பட வேண்டும்:

# உயிரைக் காத்தல், தீயணைப்புத் துறையை அழைத்தல்.
# காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் உடனே அறிவித்தல். கொதிகலன் விபத்தெனில் கொதிகலன் ஆய்வாளருக்கும் அறிவித்தல்.
# இழப்பு மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை சேதப்பொருளை அகற்றாதிருத்தல், நிழற்படம் எடுத்தல்.
# பணி ஆணை, வருகைப் பதிவு, ஊதியப் பதிவு, பற்றவைப்பாளர் சான்று, சூட்டுப்பணி அனுமதிச் சீட்டு ஆகியவற்றை ஒப்படைத்தல்.
# காப்பீட்டு நிறுவனத்தின் இசைவின்றி மூன்றாம் தரப்பினரிடம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாதிருத்தல்.

குறைதீர்ப்பு

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், பின்னர்க் காப்பீட்டுக் குறைகேள் அலுவலரிடமும் முறையிடலாம். தனியுரிமையாளர் நிறுவனங்களும் குறுந்தொழில்களும் இவ்வலுவலரை அணுகலாம். தமிழ்நாட்டிற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. தொழில் நிறுவனம் எடுத்த காப்பீடு என்பதால் மட்டும் அது நுகர்வோர் அல்லாததாகிவிடாது என 2023 ஆம் ஆண்டில் ஆர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நுகர்வோர் ஆணையமும் ஒரு வழியாகும்.

நடைமுறைச் சிக்கல்கள்

சிறு ஒப்பந்தக்காரர்களின் பணி பெரும்பாலும் தொலைபேசி அழைப்பிலேயே தொடங்குகிறது. எழுத்துமூல ஆணை இல்லாதபோது யார் முதலாளி, எவ்வளவு ஊதியம், எப்பணிக்கு அழைக்கப்பட்டார் என்பவற்றை நிறுவுவது கடினம். ஏற்றுமதி ஆணையின் கெடுவுக்குள் துணியை முடிக்க வேண்டியிருப்பதால் இரவிலும், எந்திரம் ஆறுமுன்னும் பழுதுபார்க்க நேர்கிறது. பாலிசியின் பாதுகாப்பு நிபந்தனைகள் மீறப்படுவதும் விபத்துகள் நேர்வதும் இத்தகைய வேளைகளிலேயே மிகுதி. ஒரு பக்கப் பணி ஆணை, ஆட்களின் பெயர்ப்பட்டியல், சூட்டுப்பணி அனுமதிச் சீட்டு ஆகிய மூன்றும் இருந்தால், விபத்துக்குப் பின் தொழிலாளியின் குடும்பமும் ஒப்பந்தக்காரரும் தம் உரிமையை நிறுவுவது எளிதாகும்.

இவற்றையும் பார்க்க

* திருப்பூர்
* பின்னலாடை
* கொதிகலன்
* காப்பீடு
* தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்
* நொய்யல் ஆறு